கணினியை மீறியவர் யார்?

அம்பத்தூர் பட்டறை: புதிதாகப் பொறுப்பேற்ற மேலாளர் சறுக்கினால் மேலிருப்பவர்தான் பழியைச் சுமக்க வேண்டும், அப்போதுதான் அந்தப் புதியவர் தோல்வியிலிருந்து கற்பார் என்று பெருங்குடி நண்பர் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சலே மிஞ்சியது. சான்றாக வழக்கமான கதை: 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாமை முன்னிறுத்தாமல், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவானே பத்திரிகையாளர்கள் முன் அமர்ந்தார். ஆனால் ஏவுவதற்குச் சற்று முன் கணினி கவுன்ட்டவுனை நிறுத்தியதையும், நிபுணர்களின் பேச்சை நம்பி அதை மீறியவர் கலாம்தான் என்பதையும் ஏன் விழுங்குகிறீர்கள்? கலாமே மேடைகளில் சொன்ன செய்திதானே அது?

பெருங்குடி பொறியாளன்: ஐயா, விழுங்கியது நீங்கள். 1980 ஜூலை 18-ல் அடுத்த எஸ்.எல்.வி-3 ஏவிய ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோது அதே தவான் விலகிக்கொண்டு கலாமைப் பேசச் சொன்னார். நான் குழுத் தலைவனான மூன்றாம் வாரம், சோதனைத் தரவுத்தளம் என்று நினைத்து வாடிக்கையாளரின் அசல் தரவுகளை அழித்துவிட்டேன். என் மேலாளர் தொலைபேசியில் "எங்கள் தவறு" என்றார். என் பெயரையே எடுக்கவில்லை. அன்றிரவு நான் உறங்கவில்லை. இன்றுவரை எந்தச் சர்வர் என்று இருமுறை பார்க்காமல் விசையைத் தொடுவதில்லை.

அம்பத்தூர் பட்டறை: உறக்கம் கெடுவது பாடமாகிவிடாது, சர்க்கரை ஏறினாலும் எனக்கு உறக்கம் கெடும். என் பட்டறையில் புதிதாகச் சூப்பர்வைசர் ஆன பையன், துளை அளவு கூடிப்போன 200 புஷ்களை (நடுவில் துளையுள்ள உலோக உருளைகள்) சோதிக்காமல் லாரியில் ஏற்றினான். வாடிக்கையாளரிடம் நானே மன்னிப்புக் கேட்டேன், அதாவது உங்கள் தவான் வேலையைச் செய்தேன். அடுத்த மாதம் அதே தவறு. திரும்பி வந்த பெட்டியை அவன் முன் கவிழ்த்து, துளை அளவைச் சோதிக்கும் பிளக் கேஜைக் கையில் கொடுத்து உட்கார வைத்தேன். நுழையவே கூடாத நோ-கோ முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போவதை நாற்பது முறை பார்த்த பிறகுதான் அவன் முகம் மாறியது. கணினியை மீறியவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நெல்லைவாசி: மீறியது கலாம் என்பதில் சண்டையே இல்லை. இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிந்ததுதான் ராக்கெட் விழக் காரணம் என்று தேடிக் கண்டுபிடித்தார்களே, கற்றது அங்கேதான். நாற்காலியில் யார் அமர்ந்தார் என்பதில் என்ன இருக்கிறது? தவிர, பல ஆண்டுகள் அந்தத் திட்டத்தை நடத்திய கலாம் உங்கள் கணக்கில் புதிய மேலாளரா?

அம்பத்தூர் பட்டறை: அண்ணாச்சி, தீபாவளி போனஸ் விவாதத்தில் என்னைக் கருமி என்று எழுதியவர் நீங்கள், நடுவர் வேடம் உங்களுக்குப் பொருந்தவில்லை. கோளாறு கண்டுதானே கணினி நிறுத்தியது? நிறுத்தியதை மீறியவர் யார்?

நெல்லைவாசி: கருமி என்று எழுதவில்லை, கணக்குப் பார்ப்பவர் என்று எழுதினேன்.

பெருங்குடி பொறியாளன்: எல்லோர் முன்னிலையிலும் நாற்பது முறை அளக்க வைப்பதற்குப் பெயர் கற்பித்தலா, தண்டனையா? அந்தப் பையன் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறானா?

அம்பத்தூர் பட்டறை: எல்லோர் முன்னிலையிலும் என்று நான் எழுதவே இல்லை. அவன் இப்போது திருமுடிவாக்கத்தில் சொந்தமாக இரண்டு லேத் போட்டிருக்கிறான். நான் கற்பித்தது வீண் போகவில்லை.

பெருங்குடி பொறியாளன்: தப்பித்துப் போனான் என்றும் சொல்லலாம், ஐயா.

அம்பத்தூர் பட்டறை: பேச்சை மாற்ற வேண்டாம். கணினி நிறுத்தியது. மீறியவர் யார்?