வியன்னா பத்திரிகை மாநாடு: பணிச் சான்றிதழ் இல்லாத வட்டார நிருபர் விசா வாங்குவது எப்படி? அங்கே எதைப் பேசுவது?

அம்பை நிருபர்:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு நாளிதழுக்குப் பதினாறு ஆண்டுகளாகப் பகுதிநேர நிருபராக இருக்கிறேன். சர்வதேசப் பத்திரிகை நிறுவனத்தின் ஆண்டு மாநாட்டுக்கு வரச் சொல்லி வியன்னாவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஊர்ப்புறச் செய்தி பற்றிய அமர்வில் எனக்குப் பத்து நிமிடம். எங்கள் தாமிரபரணியில் வந்த 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி நான் எழுதியதைச் சென்னைத் தோழி ஒருத்தி ஆங்கிலமாக்கி அனுப்பியிருந்தாள். அதைப் படித்துவிட்டு அழைத்திருக்கிறார்கள். விமானச் செலவும் தங்கும் செலவும் அவர்களுடையவை.

1950-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 15 நாடுகளைச் சேர்ந்த 34 பத்திரிகை ஆசிரியர்கள் கூடித் தொடங்கிய அமைப்பு அது. தலைமையகம் முதலில் சூரிச், பிறகு லண்டன், 1992 முதல் வியன்னா. ஆசிரியர்கள் கட்டிய சபையில் வட்டார நிருபர் ஒருத்திக்கு இடம் கிடைப்பது பெரிய விஷயம். போயே ஆக வேண்டும் என்று இருக்கிறேன்.

சிக்கல் விசாவில். வேலை பார்க்கும் இடத்திலிருந்து, இன்னார் எங்கள் ஊழியர், இத்தனை நாள் விடுப்பு கொடுத்திருக்கிறோம் என்று கடிதம் கேட்கிறார்கள். அலுவலகத்தில் கேட்டேன். "நீங்கள் எங்கள் ஊழியர் இல்லையேம்மா, எப்படி எழுதிக் கொடுப்பது?" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, தன்மையாகத்தான் சொன்னார்கள். எனக்கு நியமன ஆணை கிடையாது, அடையாள அட்டை கிடையாது. வெளியான செய்திக்கு இவ்வளவு என்று மாதக் கடைசியில் கணக்கில் போடுவார்கள். படத்தோடு வந்தால் கொஞ்சம் கூடும். பெட்ரோலும் போனும் என் செலவு.

இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் எதைச் சொல்வது?

என் வேலை காலை ஆறரைக்குத் தொடங்கும். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூன்று அணைகளின் நீர்மட்டத்தையும் போனில் கேட்டு எழுதுவேன். உச்ச நீர்மட்டம் முறையே 143 அடி, 156 அடி, 118 அடி. அன்றைய மட்டம், வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எத்தனை கன அடி. பிறகு மலை மேல் மழை: மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து. இதற்கென்றே சிவப்புக் கோடு போட்ட கணக்கு நோட்டு வைத்திருக்கிறேன். இப்போது ஓடுவது பதினொன்றாவது நோட்டு. ஏழாம் பக்கத்தில் மூன்று வரியாக வரும் அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் கீழே கார் சாகுபடிக்கு விதை ஊற வைக்கிறார்கள்.

2023 டிசம்பர் 17 அன்று அந்த நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரி போதவில்லை. மணிக்கு ஒரு வரி எழுதினேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சேர்ந்து பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டது எல்லாம் பின்னால் ஊருக்கே தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தெரிந்தது அணையிலிருந்து எவ்வளவு திறக்கிறார்கள் என்ற எண் மட்டும். கரையோரத்துக்காரர்களுக்கு ஒவ்வொருவராக அழைத்து அதைச் சொன்னேன். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து அந்தப் பக்கத்தில் மை பரவிவிட்டது. பத்து மணிக்கு மேல் எழுதிய வரிகளை எனக்கே படிக்க முடியவில்லை.

இதைச் சொல்லலாம். சொன்னால் கேட்பார்கள்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. வெள்ளத்துக்கு முந்தைய ஆண்டு, எங்கள் பக்கத்து ஓடை ஒன்றில் லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கி மனை பிரித்தார்கள். மூன்று படத்தோடு செய்தி அனுப்பினேன். வரவில்லை. மனை போட்டவர் விளம்பரம் கொடுப்பவர் என்று பிறகு தெரிந்தது. அந்த ஓடைத் தண்ணீர்தான் போக வழியில்லாமல் அன்று இரவு தெருவுக்குள் வந்தது. எங்கள் வீட்டு நடையில் முழங்கால் அளவு நின்றது.

எழுதியதற்காகச் சிறையில் கிடந்து வந்த பத்திரிகை ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் அவையில் செய்திக் கூலியையும் விளம்பரத்தையும் பேசலாமா? "நம் வீட்டு வழக்கை வெளிநாட்டில் போய் ஏன் சொல்ல வேண்டும்" என்கிறார் என் வீட்டுக்காரர். ஆங்கிலம் படித்தால் புரியும், மேடையில் பேச வராது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வியன்னாவிலிருந்து திசையன்விளைக்காரன்:

அக்கா, முதலில் வாழ்த்துகள். ஒன்பது வருடமாக இங்கே ஒரு மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அம்மாவை இரண்டு முறை அழைத்து வந்திருக்கிறேன், அதனால் விசா விவரம் கொஞ்சம் தெரியும்.

ஊழியர் என்று எழுதவே எழுதாதீர்கள். தொழில் என்ற இடத்தில் சுயதொழில், செய்தியாளர் என்று போடுங்கள். உண்மையும் அதுதானே. அப்போது அலுவலகக் கடிதம் தேவைப்படாது. அதற்குப் பதிலாக உங்கள் கையெழுத்தில் ஒரு விளக்கக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் அது, உங்கள் பெயரோடு வெளியான செய்திகளின் நகல். மாதாமாதம் பத்திரிகையிலிருந்து வரவு வைத்த வரிகளுக்கு அடிக்கோடு போடுங்கள். மாநாட்டுக்காரர்களின் அழைப்புக் கடிதத்தில் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், தேதி, செலவு யாருடையது என்பது தெளிவாக இருக்க வேண்டும். நிலப் பட்டா, பிள்ளைகளின் பள்ளிச் சான்று இருந்தால் அவையும் வையுங்கள். திரும்பி ஊருக்கு வருவீர்கள் என்று அவர்கள் நம்ப வேண்டும்.

நீங்கள் வாங்க வேண்டியது ஷெங்கன் விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. அதன் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி பதினைந்து நாள் வரை இழுக்கவே கூடாது. விரல் ரேகை கொடுக்க நேரில் போக வேண்டும்.

பேச்சைப் பற்றிக் கேட்டீர்கள். வெள்ளத்தைச் சொல்லுங்கள் அக்கா, கூலியை விடுங்கள். இந்த ஊர் வெள்ளம் அறிந்த ஊர். டான்யூப் ஆற்றுக்குப் பக்கத்திலேயே 21 கிலோமீட்டருக்கு இன்னொரு ஆறு வெட்டி வைத்திருக்கிறார்கள், வெள்ளத்தைத் திருப்பிவிடுவதற்காகவே. 1972-இல் தொடங்கி 1988 வரை வெட்டினார்கள். தோண்டிய மண் நடுவில் தீவாகக் கிடக்கிறது, கோடையில் பிள்ளைகளோடு அங்கேதான் போவோம். 2024 செப்டம்பர் மழையில் அப்படியும் ஊருக்குள் வரும் சிற்றாறு பொங்கிச் சுரங்க ரயில் நின்றது. ஆற்று மட்டம் பார்த்து எழுதுகிறேன் என்றால் இங்கே எல்லோருக்கும் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை நடுவில் வந்தால் ஒன்றைப் பாருங்கள். தெருக் கம்பங்களில் பிளாஸ்டிக் பை கட்டி அதில் செய்தித்தாள் தொங்கும். பக்கத்தில் உண்டியல். ஆள் இருக்க மாட்டார், காசு போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் முறை பார்த்தபோது எங்கள் ஊர் பஸ் நிலையப் பேப்பர் கடை அண்ணாச்சி நினைவுதான் வந்தது.

பாளை மெய்ப்புத் திருத்துநர்:

அம்மா, நான் முப்பத்திரண்டு ஆண்டு அச்சகத்திலும் பத்திரிகையிலும் மெய்ப்புப் பார்த்து ஓய்வு பெற்றவன். திசையன்விளைத் தம்பி விசாவுக்குச் சொன்னது அத்தனையும் சரி. பேச்சுக்குச் சொன்னதை நான் ஏற்கவில்லை.

நீங்கள் போகும் ஊரில் 1703-இல் தொடங்கிய ஒரு நாளிதழ் இருந்தது. வீனர் சைட்டுங். உலகின் மிகப் பழைய நாளிதழ்களில் ஒன்று. 2023 ஜூன் 30 அன்று அதன் கடைசி அச்சு நாளிதழ் வந்தது, இப்போது இணையத்தில் இருக்கிறது. நின்றது எதனால் என்று பாருங்கள். நிறுவனங்கள் தங்கள் அறிவிப்புகளை அந்தத் தாளில் கட்டாயம் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்த வருமானத்தில்தான் தாள் ஓடியது. சட்டத்தை மாற்றினார்கள், வருமானம் போயிற்று. ஏல அறிவிப்பும் டெண்டரும் கண்ணீர் அஞ்சலியும் இல்லாவிட்டால் நம் வட்டாரப் பதிப்புகள் எத்தனை நாள் நிற்கும்? ஆகவே விளம்பரத்தைப் பற்றிப் பேசுவது வீட்டு வழக்கு இல்லை அம்மா. அந்த ஊர் தன் கண்ணால் பார்த்த வழக்கு. உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

வராமல் போன ஓடைச் செய்தியைச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். அனுப்பிய தேதி, படத்தின் எண்ணிக்கை, பிறகு தண்ணீர் எதுவரை ஏறியது. இவ்வளவு போதும். அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. பாபநாசத்திலிருந்து நீங்கள் அளந்து அனுப்பும் தண்ணீர் கடலில் சேரும் இடம் புன்னைக்காயல். 1586-இல் அங்கே போர்ச்சுக்கல்லிலிருந்து வந்த அண்டிரிக் பாதிரியார், கிறித்தவப் புனிதர்களின் கதைகளைச் சொல்லும் அடியார் வரலாறு என்ற நூலைத் தமிழில் அச்சிட்டார். அவர்களுடைய நாளிதழுக்கு 117 ஆண்டுகள் முன்பு, உங்கள் ஆற்றின் முகத்துவாரத்தில் தமிழ் எழுத்து அச்சேறிவிட்டது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அச்சை நேற்றுக் கற்ற ஊரிலிருந்து வரவில்லை என்ற எண்ணம் உங்கள் நெஞ்சில் இருந்தால் குரல் நடுங்காது.

தமிழிலேயே பேசுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பை அச்சடித்து முன்கூட்டியே கொடுக்கச் சொல்லி இன்றே எழுதிக் கேளுங்கள். 1955-ஆம் ஆண்டின் பத்திரிகையாளர் சட்டம் 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்தது. திருத்தம் ஒன்றில் முழுநேரம், பகுதிநேரம் இரண்டையும் அது சேர்த்துக்கொண்டது. அதன் இடத்தில் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பும் இரண்டையும் சொல்கிறது. ஊழியர் இல்லை என்று யாராவது தன்மையாகச் சொன்னால் இதையும் தன்மையாகச் சொல்லலாம்.

கன்னடியன் கால் விவசாயி:

தாயி, நான் சேரன்மகாதேவிப் பக்கம். நீங்கள் யார் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்த மூன்று வரியை நான் தினமும் டீக்கடையில் முதலில் படிப்பவன், மற்றதெல்லாம் அப்புறம்தான்.

டிசம்பர் 17 ராத்திரி எங்கள் தெருவில் ஒருவருக்கு அம்பையிலிருந்து போன் வந்தது, இவ்வளவு திறந்துவிட்டார்கள் என்று. அவர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். நானும் என் தம்பியும் மாட்டை அவிழ்த்து மேட்டுத் தெருவுக்கு ஓட்டினோம். கிணற்று மோட்டாரைக் கழற்ற முடியவில்லை, அது போயிற்று. நட்டிருந்த பிசானப் பயிரும் போயிற்று. மூன்று மாடும் கன்றும் இருக்கின்றன. அந்தப் போன் உங்களிடமிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியாது. நீங்களாக இருக்கலாம்.

மாதச் சம்பளம் வாங்கித்தான் இந்த வேலை பார்க்கிறீர்கள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கூலியைக் கட்டாயம் சொல்லுங்கள் தாயி. நாளைக்கு உங்களுக்கு முடியாமல் போனால் ஆறரை மணிக்கு அணைக்குப் போன் போட இன்னொருவர் வருவாரா? வயிற்றுக்கு வேறு வழி பார்க்கப் போய்விட்டால் எங்களுக்கு எண் சொல்ல ஆள் ஏது? அதைக் கேளுங்கள் அந்தச் சபையில்.

அம்பை நிருபர்:

மூன்று பேருக்கும் நன்றி. சேரன்மகாதேவி அண்ணாச்சி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போய்விட்டேன். அந்த இரவு பத்தொன்பது பேருக்கு அழைத்தேன். சேரன்மகாதேவி எண்கள் அதில் நான்கு. எந்த வீடு என்று எனக்கும் தெரியாது. மாடுகள் இருக்கின்றன என்று கேட்டது எனக்குப் போதும்.

இன்று வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் வரவு ஏற்றி வந்தேன். பதினாறு ஆண்டு வரவும் மாதம் தவறாமல் இருக்கிறது. திசையன்விளைத் தம்பி சொன்னபடி அடிக்கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். சுயதொழில் என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

பேச்சை ஓடையிலிருந்து தொடங்குகிறேன். வராமல் போன அந்தச் செய்தியை, எட்டு வரி, அப்படியே முதலில் படிக்கப் போகிறேன். அதுவாவது ஒரு அவையில் வெளியாகட்டும். பிறகு நோட்டில் மை பரவிய பக்கம், அதன் பிறகு பாஸ்புக். புன்னைக்காயலைப் பேச்சில் சேர்க்கவில்லை. ஐயா சொன்னதுபோல் நெஞ்சில் வைத்துக்கொள்கிறேன்.

ஐயா, ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை பாளையங்கோட்டைக்கு வருகிறேன். எழுதியதை ஒரு முறை மெய்ப்புப் பார்த்துத் தருவீர்களா? வரி விட்டு எழுதி, ஓரத்தில் நன்றாக இடம் விட்டுக் கொண்டு வருகிறேன். காலையில் மட்டும் வர முடியாது. அணை எண் அனுப்பிவிட்டு எட்டரை பஸ் பிடித்தால் பத்து மணி ஆகிவிடும்.