1998 ஓம்னி கேம்பரில் பெரிய இன்ஜின் வைக்கலாமா?

கல்லிடை வாத்தியார்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். என் வண்டி 1998 மாருதி ஓம்னி, கார்புரேட்டர் மாடல், டி.என். 72 பதிவு. பின் சீட்டைக் கழற்றிவிட்டு 18 எம்.எம். பிளைவுட்டில் கட்டில், அடியில் பெட்டிகள், ஓரத்தில் அடுப்பு மேடை செய்திருக்கிறேன். 60 லிட்டர் தண்ணீர் டேங்க், ஃபேனுக்கும் லைட்டுக்கும் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி, சமையலுக்கு வீட்டு சிலிண்டர், மேலே இரும்பு கேரியர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் வீட்டுக்காரியும் கிளம்பிவிடுவோம்.

உவரி, மணப்பாடு என்று கடற்கரைப் பக்கம் போனால் ஒரு குறையும் இல்லை. மலைப் பக்கம் திரும்பினால்தான் சிரமம். செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவில் இரண்டாம் கியரில் இழுக்கவே மாட்டேன் என்கிறது. முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது ஹீட் முள் மேலே போகிறது. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, ஒதுங்க இடமும் இல்லை.

பழைய வண்டி பிரிக்கிற கடையில் ஒரு மாருதி ஈகோ வேனின் இன்ஜின் இருக்கிறது. 1196 சி.சி., 73 குதிரைத்திறன். என் வண்டியில் 796 சி.சி.தான். "ஒரே வாரத்தில் இறக்கித் தருகிறேன்" என்கிறார் கடைக்காரர். வண்டியை விற்க எனக்கு மனசில்லை. இதைச் செய்யலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

தென்காசி சாரல்:

தாராளமாகச் செய்யலாம் சார். என் சேக்காளி ஒருவன் ஓம்னியில் ஜிப்ஸியின் 1298 சி.சி. இன்ஜினை இறக்கி வைத்திருக்கிறான். மதுரை நான்கு வழிச் சாலையில் அதில் உட்கார்ந்து போனால் ஓம்னி என்றே தோன்றாது. ஒரு விஷயம் மட்டும், இன்ஜின் சீட்டுக்கு அடியில்தானே இருக்கிறது, சூடு கொஞ்சம் மேலே வரும். சீட் பெட்டியை உயர்த்தி வெல்டிங் வைக்க வேண்டியிருந்தது. கயத்தாறு தாண்டும் முன்பே தொடை வெந்துவிடும். மற்றபடி இழுவைக்குக் குறையே இல்லை.

பேட்டை பட்டறை:

சார்வாள், நான் பெட்ரோல் வண்டி வேலை பார்க்கிறவன். ஓம்னி நிறையப் பிரித்துச் சேர்த்திருக்கிறேன். இன்ஜின் மாற்றுவது முடியாத வேலை இல்லை. ஆனால் உங்களுக்குத் தேவை அந்த இன்ஜின்தானா என்று முதலில் பார்த்துவிடுவோம்.

வெறும் ஓம்னி ஏறக்குறைய 800 கிலோ. நீங்கள் இருவரும் 140. தண்ணீர் 60. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 50-க்குக் குறையாது. 18 எம்.எம். பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று 35 கிலோவை ஒட்டி வரும். நீங்கள் சொல்கிற வேலைக்கு மூன்று ஷீட்டாவது போயிருக்கும், அது 100. நிறைந்த சிலிண்டர் 30. கேரியர் ஒரு 30. ஆக 1200 கிலோவைத் தாண்டிவிட்டது. துணிமணி, பாத்திரம் எல்லாம் இன்னும் சேர்க்கவில்லை.

10 மீட்டர் போனால் 1 மீட்டர் உயர்கிற மேட்டில் 1200 கிலோவை 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற 13 குதிரைத்திறன் வேண்டும். டயர் உருளுவதற்கு இன்னொரு 2. மொத்தம் 15. உங்கள் இன்ஜின் புதிதில் 35-ஐ ஒட்டிக் கொடுத்தது. இரண்டாம் கியரில் 30-ல் ஏற அதில் பாதி போதும். அதே மேட்டில் 50-ல் ஏற வேண்டுமென்றால்தான் முழு இன்ஜினும் வேண்டிவரும். அதை ஓம்னியிடம் கேட்கக் கூடாது. ஆக, இரண்டாம் கியரில் ஏறவில்லை, ஹீட்டும் ஆகிறது என்றால் அந்த 35 இப்போது அங்கே இல்லை. இன்ஜின் சின்னது என்பது அப்புறம், அது சுகமில்லாமல் இருக்கிறது என்பதுதான் முதல் சேதி.

அதனால் முதலில் கம்ப்ரஷன், அதாவது இன்ஜின் சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்து, ஒவ்வொரு சிலிண்டராகக் கேஜ் வைக்க வேண்டும். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். குறைவாகக் காட்டுகிற சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு, இல்லாவிட்டால் கேஸ்கட். அப்புறம் இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம். இது பின்தங்கியிருந்தால் இழுவையும் போகும், இன்ஜினும் சூடேறும். உங்கள் இரண்டு புகாருக்கும் அது ஒன்றே காரணமாக இருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டரில் வாக்குவம் டியூப் வெடித்திருக்கிறதா, கார்புரேட்டர் ஜெட் அடைத்திருக்கிறதா, கிளட்ச் நழுவுகிறதா, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா, எல்லாம் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் அதிகம். உப்புப் படிந்து குழாய் பாதி அடைத்திருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, இனிமேல் கூலன்ட் கலந்துதான் ஊற்ற வேண்டும்.

இனி அந்த ஈகோ இன்ஜின். அது இன்ஜெக்‌ஷன் வண்டி, உங்களுடையது கார்புரேட்டர். இன்ஜினை மட்டும் வாங்கினால் ஒன்றும் நடக்காது. ஒயரிங், இ.சி.யு. (இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி), சென்சார், டேங்குக்குள் எலெக்ட்ரிக் பம்ப் எல்லாம் வேண்டும். இம்மொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்பு இருந்தால் அந்த வண்டிச் சாவியும் இ.சி.யு.வும் ஜோடியாக இருந்தால்தான் ஸ்டார்ட்டே ஆகும். கியர்பாக்ஸையும் சேர்த்தே இறக்குவதுதான் முறை. அப்போது மவுண்ட் புதிதாக அடிக்க வேண்டும், பின் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்ட்டை நீளம் பார்த்து வெட்டி ஒட்டி பேலன்ஸ் செய்ய வேண்டும். பின் ஹவுசிங்கில் இருக்கிற கிரவுன் பல்சக்கரம் சின்ன இன்ஜினுக்குச் செய்தது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழுவையை அது எத்தனை நாள் தாங்கும்? இதை ஒரே வாரத்தில் முடிப்பேன் என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

எனக்கு உள்ளபடியே பயம் பிரேக்கைப் பற்றித்தான். 60-ல் போகிற வண்டி 80-ல் போனால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஏறக்குறைய 1.8 மடங்கு. சக்கரமோ 12 இன்ச். உயரமான, ஒடுக்கமான வண்டி, மேலே கேரியர் வேறு. ஆடி மாதம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே போய்ப் பாருங்கள், பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். அங்கே ஓம்னியை 80-ல் ஓட்டும் வசதி நமக்கு வேண்டாம்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டு சிலிண்டரை இன்றைக்கே இறக்கிவிடுங்கள். இரண்டு பேர் படுத்துத் தூங்குகிற அடைத்த பெட்டிக்குள் அது இருக்கக் கூடாது. சமையலை வண்டிக்கு வெளியே வையுங்கள்.

நாகர்கோவில் சர்வேயர்:

நான் இன்சூரன்ஸ் பக்கம் வேலை பார்ப்பவன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐ அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களோடு முரண்படுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளாவிலிருந்து போன வழக்கில், இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. பழுதான இன்ஜினுக்குப் பதிலாக அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு வைத்து, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றலாம். 796-க்குப் பதில் 1196 அந்தக் கணக்கில் வராது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அபராதத்தை விடப் பெரிய விஷயம் விபத்து. இன்ஜின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்றால் க்ளெய்ம் சிக்கலில் மாட்டும். எதிரே வந்தவருக்கு இழப்பீடு உங்கள் கையிலிருந்து போகும் நிலைகூட வரலாம். 1998 வண்டி என்றால் 2013-க்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்திருப்பீர்கள், அடுத்தது 2028. அன்றைக்கு ஆய்வாளர் முன்னால் நிற்க வேண்டும். பின் சீட்டையும் கழற்றியிருக்கிறீர்கள், இருக்கை எண்ணிக்கையும் ஆர்.சி.யில் இருக்கும். கட்டிலைத் தூக்கி வைக்கிற மாதிரி செய்துகொண்டு சீட்டைத் திரும்ப மாட்டுவது நல்லது.

தென்காசி சாரல்:

சட்டம் இவ்வளவு கறார் என்று இப்போதுதான் படிக்கிறேன். சேக்காளியிடம் காட்டுகிறேன். வாத்தியார் சார், அதிக இழுவை வேண்டுமென்றால் பழைய ஈகோ வண்டியையே வாங்கி, உங்கள் கட்டிலை அதில் போட்டுக்கொள்ளலாமே?

கல்லிடை வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. கேஸ் சிலிண்டரை அன்றைக்கே இறக்கிவிட்டேன். கம்ப்ரஷன் பார்த்தோம். முதல் இரண்டு சிலிண்டரும் 160-ஐ ஒட்டி, மூன்றாவது 115. ஆயில் விட்டும் ஏறவில்லை. ரேடியேட்டரில் பழுப்பாக உப்புக்கட்டி வந்தது. இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டைக் கழற்றச் சொல்லிவிட்டேன். ஈகோ இன்ஜின் வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லியாயிற்று. வண்டி நின்ற நேரத்தில் எடையையும் குறைக்கலாம் என்று பார்க்கிறேன். எதில் கை வைக்கலாம் அண்ணாச்சி?

பேட்டை பட்டறை:

115 என்றால் உங்கள் மூன்று சிலிண்டரில் ஒன்று அரைகுறையாகத்தான் வேலை பார்த்திருக்கிறது. புளியரையில் அது எப்படி ஏறும்?

எடையில் முதலில் பேட்டரி. ஃபேன், லைட்டுக்கு 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி போதும், 12 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். விலை கூடுதல்தான், ஆனால் ஒரே இடத்தில் 40 கிலோ குறைகிறது. தண்ணீர் 20 லிட்டருக்கு மேல் வேண்டாம். செங்கோட்டையிலிருந்து தென்மலை வரை தண்ணீருக்கா பஞ்சம்? கட்டிலை அலுமினிய பைப் சட்டத்தில் 9 எம்.எம். பலகை வைத்து மாற்றுங்கள். கேரியர் வேண்டவே வேண்டாம்.

ஹெட்டை மேசையில் வைத்து வளைவு பார்க்கச் சொல்லுங்கள், ஹீட் ஆன வண்டி. தேவைப்பட்டால் லேத்தில் லேசாக முகம் எடுக்க, அதாவது அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்க வேண்டும். மூன்றாவது சிலிண்டர் வால்வை மட்டும் தேய்த்துவிட்டு மூட விடாதீர்கள், ஆறு வால்வையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் சீலும் புதிது. ஹெட் போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து நடுவிலிருந்து வெளியே என்ற வரிசையில்தான் முடுக்க வேண்டும், கை அளவு போதாது. டைமிங் பெல்ட் எப்போது போட்டது என்று தெரியாவிட்டால் இதோடு மாற்றிவிடுங்கள், வேலை ஒன்றுதான். முடித்ததும் முதலில் பாபநாசம் வரை போய் வந்து, வண்டி ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். குறையவில்லை என்றால் புளியரைக்கு விடலாம்.