ஓட்டிஸ் ரெடிங்: மறைவுக்குப் பின் வந்த பதிவுகளை அவருடைய படைப்பாகவே கொள்ளலாமா?

கேள்வி – மெல்லிசைவாசி

அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெடிங், இன்னொரு பாடகரான ஜெர்ரி பட்லருடன் சேர்ந்து எழுதி 1965இல் பாடிய ‘ஐவ் பீன் லவ்விங் யூ டூ லாங்’ என்னும் பாடல்தான் என்னை, கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலும் ப்ளூஸிலும் வேர்கொண்ட சோல் இசைக்குள் இழுத்து வந்தது. விலகிப்போக நினைக்கும் காதலியிடம் ஒருவன் மன்றாடுகிறான். பொருள் என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் திஸ்ர நடையில் மெதுவாக நகரும் தாளத்தின் மேல் அவர் ஒரு சொல்லை எடுத்து, விட மனமில்லாமல் இழுத்து, அடுத்த சொல்லுக்குச் சற்றுத் தாமதமாகவே வந்து சேர்வதையும், வாத்தியங்கள் படிப்படியாக ஏறித் திடீரென்று நிற்கும்போது குரல் மட்டும் எஞ்சுவதையும் எத்தனை முறை கேட்டாலும் அலுப்பதில்லை.

1967 டிசம்பர் 10 அன்று, 26 வயதில், விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரின் மொனோனா ஏரியில் விமானம் விழுந்து அவர் இறந்தார். அதற்குப் பிறகும் 1970 வரை அவர் பெயரில் புதிய இசைத்தட்டுகள் தொடர்ந்து வெளிவந்திருக்கின்றன. இவற்றை அவரே முடித்துக் கொடுத்த படைப்புகளாகக் கேட்க வேண்டுமா, அல்லது பிறர் தொகுத்த மிச்சங்களாகவா? காதல் மெல்லிசைப் பாடல்களை விரும்பும் நான் எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி – ஊசிமுனை

உங்கள் கேள்விக்கு ஒரே விடை இல்லை. தட்டுக்குத் தட்டு வேறுபடும். அவர் மெம்ஃபிஸ் நகரில் ஸ்டாக்ஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்த முறையை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். பழைய திரையரங்கு ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி, பெரும்பாலும் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து வாசித்தார்கள். இசைக்குறிப்புத் தாள் எதுவும் கிடையாது. ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் வாசிக்க வேண்டியதை அவரே வாயால் பாடிக் காட்டுவார். பாடகரின் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றிலும் வேறு யாரோ புதிதாக இசையமைத்த பிற்கால ஏற்பாடுகளோடு இவற்றை ஒப்பிடுவது பொருந்தாது.

1967இன் இலையுதிர் காலத்தில் அவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பேசாமல் ஓய்வெடுத்த பிறகு, நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் ஏராளமான பாடல்களை விரைந்து பதிவு செய்தார். மறைவுக்குப் பின் வந்தவற்றில் சிறந்தவை பெரும்பாலும் அந்தச் சில வாரங்களில் பிறந்தவையே.

‘தி டாக் ஆஃப் தி பே’ பாடலையே பாருங்கள். கிட்டார் கலைஞர் ஸ்டீவ் குரோப்பருடன் சேர்ந்து எழுதியது. விபத்துக்குச் சில நாட்கள் முன்பு பாடி முடித்தார். அலையோசையையும் கடற்பறவைகளின் ஒலியையும் சேர்த்து ஒலிக்கலவையை முடித்தவர் குரோப்பர். இது பாடகர் கேட்டிராத அலங்காரம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் 1992இல் வந்த ‘ரிமெம்பர் மீ’ தொகுப்பில் உள்ள முந்தைய பதிவைக் கேட்டால், பறவையைப் போல அவரே விளையாட்டாகக் கத்திப் பார்ப்பது காதில் விழும். 1968 ஜனவரியில் வெளியான அந்தப் பாடல், அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 என்னும் பாடல் தரவரிசைப் பட்டியலில், பாடகரின் மறைவுக்குப் பின் முதலிடம் பிடித்த முதல் பாடலாயிற்று.

மறுமொழி – தாழ்வாரம்

ஊசிமுனை சொன்னதில் பாதியைத்தான் ஏற்கிறேன். பாடல்கள் அவருடையவை, தட்டுகள் அவருடையவை அல்ல. எதை முதலில் வைப்பது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்ய அவர் இல்லை. 1968 பிப்ரவரியில் வந்த ‘தி டாக் ஆஃப் தி பே’ தட்டைப் புரட்டிப் பாருங்கள்: 1965இல் ‘ஓட்டிஸ் ப்ளூ’ தட்டின் தொடக்கப் பாடலாக ஏற்கெனவே வந்துவிட்ட ‘ஓல் மேன் ட்ரபிள்’ அதில் இருக்கிறது; பாடகி கார்லா தாமஸுடன் பாடிய ‘ட்ராம்ப்’ கூட இருக்கிறது. புகழ்பெற்ற ஒரு பாடலைச் சுற்றிக் கையில் கிடைத்தவற்றை அடுக்கிய தட்டு அது. கேட்க நன்றாக இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அதே ஆண்டு வந்த ‘தி இம்மார்ட்டல் ஓட்டிஸ் ரெடிங்’ அப்படியல்ல. கடைசிக் காலப் பதிவுகளே அதில் நிறைந்திருப்பதால் ஒரே மூச்சில் கேட்க முடிகிறது. அதற்குள் ஸ்டாக்ஸும், அதன் தட்டுகளை விநியோகித்து வந்த அட்லாண்டிக் நிறுவனமும் பிரிந்துவிட்டிருந்தன. மூல ஒலிநாடாக்கள் அட்லாண்டிக் வசம் போனதால் அது அட்லாண்டிக்கின் துணை நிறுவனமான ஆட்கோவின் முத்திரையுடன் வெளிவந்தது. 1970இன் ‘டெல் தி ட்ரூத்’ வரை வரும்போது சரக்கு தீர்ந்துபோனது தெரிகிறது என்பது என் கருத்து. அதைக் கடைசியில் கேட்டால் போதும்.

மறுமொழி – நிதானம்

மெல்லிசைவாசி கேட்டது காதல் பாடல்களைப் பற்றி. அவருக்கு என் பரிந்துரை, ‘இம்மார்ட்டல்’ தட்டில் உள்ள ‘ஐவ் காட் ட்ரீம்ஸ் டு ரிமெம்பர்’. ரெடிங்கின் மனைவி ஸெல்மா எழுதிய கவிதையிலிருந்து உருவான பாட்டு அது. 1965இன் பாட்டில் கெஞ்சுபவனுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. அதனால்தான் குரல் ஏறிக்கொண்டே போகிறது. இதில், அவள் வேறொருவனின் அணைப்பில் இருப்பதைக் கண்டுவிட்டவன் பாடுகிறான். கத்துவதால் பயனில்லை என்று தெரிந்தவனைப் போலக் குரல் பெரும்பாலும் தாழ்ந்தே நிற்க, பின்னணிக் குரல்கள் அவனுக்காகப் பேசுகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், சிகிச்சைக்குப் பிந்தைய குரலில் கரகரப்புச் சற்றுக் குறைந்து, சொல் தெளிவாக விழுவதும் புலப்படும்.

இன்னொன்று: நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் ‘லவ்விங் யூ டூ லாங்’ எந்தப் பதிவு என்று பாருங்கள். தனிப்பாடலாக வந்த மோனோ (ஒற்றைத் தட ஒலி) பதிவு வேறு. 1965 ஜூலையில் ‘ஓட்டிஸ் ப்ளூ’வுக்காக மறுபடி பாடிய ஸ்டீரியோ (இரட்டைத் தட ஒலி) பதிவு வேறு. எனக்கு முன்னதே பிடிக்கும். 1967 ஜூனில் கலிபோர்னியாவின் மான்டெரி இசை விழாவில் பாடியதும் உண்டு. அவர் மறைந்த பிறகு, 1970இல்தான், தட்டின் ஒரு பக்கத்தில் அவரும் மறுபக்கத்தில் ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸுமாக அது வெளிவந்தது. தாழ்வாரம் பேச்சில் விட்டுவிட்ட 1969இன் ‘லவ் மேன்’ தட்டிலும் ‘ஃப்ரீ மீ’ என்று மெதுவான பாடல் ஒன்று உண்டு. மற்ற துள்ளல் பாடல்களுக்கு நடுவே அது கண்ணில் படாமல் போய்விடக்கூடும்.