ஜவுளிக்கடை வேலை, நாள் பூரா நிக்கணும், தண்ணி எப்படி குடிக்கிறது?

சேலைசெக்‌ஷன்_மல்லி:
எல்லாருக்கும் வணக்கம். மதுரைல ஒரு ஜவுளிக்கடைல சேலை செக்‌ஷன்ல இருக்கேன். காலைல ஒம்பதரைக்கு உள்ள போனா நைட்டு ஒம்பது ஆயிரும். தண்ணி நிறைய குடி குடின்னு எல்லாரும் சொல்றாங்க, தெரியாமலா இருக்கு, ஆனா ஸ்டாஃப் பாத்ரூம் நாலாவது மாடில, லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும்தான், கவுண்டர விட்டு நகரணும்னா சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டு போகணும், அவரு வாட்ச்ச பாப்பாரு. அதனால மதியம் சாப்பிடறப்ப ஒரு டம்ளர், அவ்ளோதான். எங்க செக்‌ஷன்ல பாதி பொண்ணுங்க இப்படித்தான். போன மாசம் நீர்க்கடுப்பு வந்து உயிரே போயிருச்சு. ஏசில நிக்கறதால வேர்க்கல, தாகமும் எடுக்கல, அப்ப கம்மியா குடிச்சா பரவால்லையா? இல்ல வேற வழி இருக்கா?

தென்காசி_அண்ணாச்சி:
சூடும்மா அது, வேற ஒண்ணுமில்ல. ராத்திரி தொப்புள்ல கொஞ்சம் விளக்கெண்ணெய், கால் பெருவிரல்லயும் தடவிட்டு படு. காலைல ஊறவச்ச வெந்தயம். ரெண்டு நாள்ல சரியாயிரும்.

நைட்டூட்டி_நர்ஸ்:
அண்ணாச்சி, விளக்கெண்ணெய் வச்சுக்கட்டும், ஆனா எரிச்சலோட காய்ச்சல் குளிர், முதுகுப் பக்கம் வலி, யூரின்ல ரத்தம் இதுல ஒண்ணு இருந்தாலும் அது சூடு இல்ல, அன்னிக்கே டாக்டர பாத்து யூரின் டெஸ்ட் எடுக்கணும்.

மல்லி, தாகம் எடுக்கலன்னு ஏமாறாதீங்க. ஏசி காத்து காஞ்ச காத்து, வேர்வை தெரியலன்னாலும் மூச்சு வழியா தோல் வழியா தண்ணி போய்ட்டேதான் இருக்கும், அதுலயும் நீங்க நாள் பூரா பேசறவங்க. பொம்பளைங்களுக்கு யூரின் குழாய் சுமார் 4 செ.மீ தான், கிருமி ஈசியா மேல ஏறிடும், யூரின் போறப்பதான் அது அடிச்சிட்டு வெளிய வரும். 2018ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அடிக்கடி இந்த இன்ஃபெக்‌ஷன் வர்ற, தண்ணி கம்மியா குடிக்கிற 140 பெண்கள பாதியா பிரிச்சு, ஒரு பாதிய மட்டும் தினமும் கூட ஒன்றரை லிட்டர் குடிக்க வச்சாங்க. ஒரு வருஷத்துல அவங்களுக்கு சராசரி 1.7 தடவ வந்துச்சு, வழக்கம்போல குடிச்சவங்களுக்கு 3.2.

இப்ப உங்க டைமுக்கு வருவோம். எந்திரிச்ச உடனே ரெண்டு டம்ளர் குடிங்க, கெளம்பறதுக்குள்ள அது வீட்லயே போயிரும். கடைக்குள்ள வந்தப்புறம் ஒரு மணி நேரத்துக்கு அரை டம்ளர்னு கொஞ்சம் கொஞ்சமா, ஒரே மூச்சுல பாட்டில காலி பண்ணாதீங்க, பண்ணா உடனே மாடி ஏற வேண்டியதுதான். டீ காபியும் கணக்குல சேரும், மோர் ரசம் எல்லாமே தண்ணிதான், எட்டு டம்ளர்னு எண்ணிக்கிட்டு இருக்க வேணாம். கலர பாருங்க, வெளுத்த மஞ்சளா இருந்தா போதும், கடுகு எண்ணெய் கலர்ல வந்தா பத்தல. பி காம்ப்ளக்ஸ் மாத்திர போட்டா மட்டும் கலர நம்ப முடியாது. மூணு நாலு மணி நேரத்துக்கு மேல அடக்காதீங்க, இது ரொம்ப முக்கியம்.

பழைய_கவுண்டர்_அக்கா:
நானும் வருஷக்கணக்கா இதே வேலைல இருந்தவ. பாப்பா, நீ தனியா போய் கேட்டா அவரு வாட்ச்ச பாக்கத்தான் செய்வாரு. ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டுக்கங்க, ஒருத்தி மாடிக்கு போனா இன்னொருத்தி ரெண்டு கவுண்டரையும் பாத்துக்கணும், எங்க கடைல இப்படி பண்ணப்புறம் சேல்ஸ் ஒண்ணும் கொறையல, சூப்பர்வைசரும் கண்டுக்கறத விட்டுட்டாரு. ஆடித் தள்ளுபடி, தீபாவளி சீசன்ல மட்டும் இது நடக்காது, அப்ப கடை தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ, சாப்பாட்டுக்கு போறப்ப ஒரு தடவ, சாயங்கால டீக்கு ஒரு தடவன்னு பழக்கிக்க. நீர்மோர்ல உப்பும் கறிவேப்பிலையும் போட்டு சின்ன பாட்டில்ல கொண்டு போ, சேலை மேல சிந்தாத மாதிரி மூடி இறுக்கமா இருக்கணும், சிந்துனா சம்பளத்துல புடிச்சிருவாங்க.

இன்னொண்ணு, ஸ்டாஃப் உக்கார சீட் போடணும்னு தமிழ்நாட்டுல 2021லயே சட்டம் வந்துருச்சு, கேரளால அதுக்கு முன்னாடியே 2018ல. பாத்ரூம் விஷயத்தையும் சேத்து பத்து பேரா போய் கேளுங்க, ஒருத்தி போய் கேட்டா அவள குடோனுக்கு மாத்திருவாங்க.

டூவீலர்_செல்வம்:
ஓஆர்எஸ் டெட்ரா பேக் தினமும் ஒண்ணு குடிச்சா ஈசி இல்லையா?

நைட்டூட்டி_நர்ஸ்:
வேணாம் தம்பி. அது வாந்தி பேதிக்கு, வெயில்ல வேர்த்து ஊத்தறவங்களுக்கு. கடைல ஜூஸ் மாதிரி வித்ததுல பாதி நிஜ ஓஆர்எஸ்ஸே இல்ல, சர்க்கரதான் ஜாஸ்தி, அதனாலதான் 2025 அக்டோபர்ல எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் உணவு பாதுகாப்ப பாக்கற மத்திய அரசு அமைப்பு, ஓஆர்எஸ்ங்கற பேர போடக்கூடாதுன்னு சொல்லிருச்சு. தேவப்பட்டா மெடிக்கல்ல பாக்கெட் வாங்கி அதுல போட்டுருக்கற அளவு தண்ணில கலக்குங்க, பெரிய பாக்கெட்னா 1 லிட்டர். பாதி தண்ணில கெட்டியா கலக்கக் கூடாது.

சேலைசெக்‌ஷன்_மல்லி:
ரொம்ப தேங்க்ஸ் அக்கா. ஜோடி ஐடியா சூப்பர், நாளைக்கே பக்கத்து கவுண்டர் பொண்ணுகிட்ட பேசறேன். எங்க அம்மாவுக்கு ஹார்ட் ப்ராப்ளம், டாக்டர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான்னு சொல்லிருக்காரு, அவங்களும் கூட குடிக்கலாமா?

நைட்டூட்டி_நர்ஸ்:
கூடவே கூடாது. ஹார்ட், கிட்னி கேஸ்ல டாக்டர் சொன்ன அளவுதான், குழம்பு, காபி, மோர் எல்லாம் அதுக்குள்ளயே வரணும். இளநீர கூட கேட்டுட்டு குடுங்க, அதுல பொட்டாசியம் ஜாஸ்தி.