மாலை வகுப்புகளைக் குறைத்தால் பிள்ளை பின்தங்கிவிடுவானா?

திருப்பூர் அம்மா:
என் மகனுக்கு ஆறு வயது. திங்கள், புதன் அபாகஸ், செவ்வாய், வியாழன் கராத்தே, சனிக்கிழமை இந்தி. ஸ்கேட்டிங்கிலும் சேர்த்துவிடலாம் என்கிறார் என் கணவர். பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர். பிள்ளைக்கும் அந்த நிலை வரக்கூடாது என்பது அவர் கவலை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோடை விடுமுறைக்கு அவனுடைய அப்புச்சி தோட்டத்துக்குப் போனபோது, மற்ற பிள்ளைகள் நுங்கு வண்டி உருட்டிக்கொண்டிருக்க, இவன் என்னிடம் வந்து "இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டான். அன்றிலிருந்து மனம் சரியில்லை. என்ன செய்யலாம்?

கோபிசெட்டிபாளையம், ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்:
அம்மிணி, நீங்கள் கவலைப்படுவது சரிதான். ஸ்கேட்டிங் வேண்டாம். இருப்பதிலும் ஒன்றை நிறுத்துங்கள்.

எங்கள் மையத்தில் பிள்ளைகள் பஸ் விளையாட்டு விளையாடுவார்கள். வேப்பமரத்தடிதான் பஸ், பூவரச இலைதான் டிக்கெட். ஒரு முறை இரண்டு பேருக்குமே கண்டக்டர் வேலை வேண்டும் என்று சண்டை. நான் எழுந்து போகவில்லை. அழுகை, கோபம், "நான் வரவில்லை, போ" எல்லாம் ஆனபிறகு, முன்படிக்கு ஒருவன், பின்படிக்கு ஒருத்தி என்று அவர்களே முடித்துக்கொண்டார்கள். நான் புகுந்து பஞ்சாயத்து செய்திருந்தால் சத்தம் அடங்கியிருக்கும். அந்த யோசனை பிறந்திருக்காது.

இன்னொன்று கேளுங்கள். பாட்டு வகுப்பில் ஒரு நிமிடம் உட்காராத பையன், டிரைவரானால் பஸ் நிற்கும் வரை இடத்தைவிட்டு எழமாட்டான். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933-லேயே இதை விளக்கினார்: பாவனை விளையாட்டில் பிள்ளை தன் ஆசையை அடக்கி, தானாக ஒரு விதிக்குக் கட்டுப்படுகிறது. கராத்தேயிலும் கட்டுப்பாடு வரும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே விதியைச் சொல்கிறவர் மாஸ்டர்.

உங்கள் மகன் கேட்டது சோம்பலால் அல்ல. அடுத்து என்ன என்பதை எப்போதும் வேறு யாரோ சொல்லிவருகிறார்கள். முதலில் சில நாட்கள் "போர் அடிக்கிறது" என்று காலைச் சுற்றி வருவான். கைப்பேசியைக் கொடுத்துவிடாதீர்கள். கட்டிங் வேஸ்ட் துணி, கொட்டாங்குச்சி, காலி அட்டைப்பெட்டி, கொஞ்சம் மணல் போதும். நீங்கள் சமையலைப் பாருங்கள்.

ஈரோடு, கண் பரிசோதகர்:
என் தொழிலிலிருந்து ஒன்று. பகல் வெளிச்சத்தில் வெளியே அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓடிப்பிடித்து விளையாடினாலே அது நிறைந்துவிடும்.

பெருந்துறை அப்பா:
அக்கா சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கீழ்பவானி வாய்க்கால். தண்ணீர் திறந்துவிட்ட மாதங்களில் எப்படி "போய் விளையாடு" என்று அனுப்புவது?

கோபி, ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்:
அனுப்பவே கூடாது, தம்பி. வாய்க்கால், மூடி இல்லாத கிணறு, லாரி போகும் சாலை, இந்த மூன்றிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லையை நாம் போட வேண்டும்; எல்லைக்குள் என்ன விளையாட்டு என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். கண்ணுக்கு எட்டும் இடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால் போதும். முழங்கால் சிராய்ப்புக்கெல்லாம் பதறி ஓட வேண்டாம்.

திருப்பூர் அம்மா:
அபாகஸை நிறுத்தலாம் என்று இருக்கிறேன், அம்மா. கணவரும் அரை மனதாகச் சம்மதித்துவிட்டார். எங்களுடையது லைன் வீடு. பொது வாசலில் பிள்ளைகள் சத்தம் போட்டால் வீட்டுக்காரர் திட்டுகிறார். அதற்கு என்ன வழி?

கோபி, ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்:
தனியாகப் போகாதீர்கள். லைனில் இருக்கும் தாய்மார்கள் எல்லோருமாகப் போய், ஐந்தரையிலிருந்து ஆறரை வரை மட்டும் என்று கேளுங்கள். நேரம் முடிந்ததும் வாசலைப் பிள்ளைகளே கூட்டிவிடுவார்கள் என்றும் சொல்லுங்கள்.