கடைமடைச் சம்பா: விதைப்பை மாற்றுவதா, வடிகாலை மாற்றுவதா?

கடைமடைக்காரன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். குமராட்சி ஒன்றியத்தில், வடக்கு ராஜன் வாய்க்காலின் கடைசிப் பாசனத்தில் எனக்கு மூன்று ஏக்கர் நன்செய் இருக்கிறது. என் தகப்பனார் காலத்தில் ஆவணியில் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து தண்ணீர் வந்துவிடும். ஐப்பசி மழை தொடங்கும்போது நடவுப் பயிர் முழங்கால் உயரம் நிற்கும். இப்போது அந்தக் கணக்கு தப்பிவிட்டது. 2023-ல் ஜூன் 12 அன்று திறந்த மேட்டூர் அணை அக்டோபர் 10 அன்றே மூடப்பட்டது. 2024-ல் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். நாங்களோ கடைமடை, எல்லாருக்கும் பிறகுதான் எங்களுக்கு. ஐப்பசி நடுவில் நட்டு, இருபதாம் நாள் மழையில் பயிர் மூழ்கி, ஒன்பது நாள் கழித்து நீர் வடிந்தபோது, நாற்றைப் பிடித்து இழுத்தால் குருத்து மட்டும் கையோடு வந்தது.

வெள்ளத்தைத் தாங்கும் ரகம் போடச் சொல்கிறார்கள் சிலர். நேரடி விதைப்புக்கு மாறு என்கிறார்கள் வேறு சிலர். வீராணம் ஏரியைத் திறந்துவிடுவதால்தான் எல்லாக் கேடும் என்று டீக்கடையில் தினமும் தீர்ப்புச் சொல்கிறார்கள். கையில் இருக்கும் காசுக்கு ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், எதை முதலில் செய்வது?

ஓய்வுபெற்ற லஸ்கர் எழுதுகிறார்:

தம்பி, மதகுக் கதவைத் திறந்து மூடியே முப்பது ஆண்டு கழித்தவன் என்ற முறையில் டீக்கடைத் தீர்ப்பை முதலில் பார்க்கிறேன். வீராணத்தின் முழு மட்டம் 47.50 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கனஅடி. ஏரிக்கு வடவாற்றில் வரும் கீழணைத் தண்ணீரை நாம் கட்டுப்படுத்தலாம். ஆனால் அரியலூர் மாவட்டத்து மழையைச் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் கொண்டுவந்து கொட்டும்போது யாரைக் கேட்டுக் கட்டுப்படுத்துவது? ஏரி நிரம்பியிருந்தால் சென்னைக் குடிநீருக்கு நல்லது, நம் தை மாதப் பயிருக்கும் நல்லது. காலியாக இருந்தால், ஏரியின் உபரிநீர் போகும் வெள்ளியங்கால் ஓடைக் கரை ஊர்களுக்கு நல்லது. இரண்டையும் ஒரே நாளில் சாதிக்க முடியாது. மழைக்காலத்தில் மட்டத்தைச் சற்றுக் குறைத்து வைக்கிறார்கள். அதற்கு மேல் அந்த ஏரியின் மீது பழி போடுவது நியாயமில்லை.

உங்கள் கேடு வடிகாலில் இருக்கிறது. ஒரு கணக்குப் பாருங்கள். நூறு ஏக்கரில் 20 செ.மீ. தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 28 லட்சம் கனஅடி. மூன்று நாளில் வடிய வேண்டுமென்றால் இடைவிடாமல் நொடிக்கு 11 கனஅடி போக வேண்டும். இரண்டடிக் குழாய் ஒன்று, நீர் நொடிக்கு இரண்டடி வேகத்தில் ஓடினால், ஆறு கனஅடிதான் விடும். வயலுக்கு டிராக்டர் போக வேண்டும் என்று நாமே வடிகாலின் குறுக்கே இரண்டடிக் குழாயைப் புதைத்து மண் மூடியிருக்கிறோம். முன்பு அதே இடத்தில் பனங்கட்டைப் பாலம் கிடந்தது, அடியில் தண்ணீர் தாராளமாகப் போயிற்று. இப்போது அந்தக் குழாய் வாயில் ஆகாயத்தாமரையும், கரை நெடுக நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்து நிற்கின்றன.

இதற்கு மேல் கடல். உங்கள் வடிகால் பழைய கொள்ளிடத்தில் சேர்ந்து பிச்சாவரம் பக்கம் போகிறது. நாளுக்கு இரண்டு முறை ஓதம், அதாவது கடல் ஏற்றம், வரும். அந்த நேரத்தில் கடல் தண்ணீரை வாங்காது. பாதி நேரம் வாய் அடைபட்டால், மீதி நேரத்தில் 11-க்குப் பதில் 22 கனஅடி போக இடம் வேண்டும். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த 2024 நவம்பர் 30 இரவு கார்த்திகை அமாவாசை. ஓதம் உச்சத்தில் இருந்த நேரத்தில்தான் மழையும் கொட்டியது.

நெல் வயல் எழுதுகிறார்:

ஐயா சொன்ன ஓதத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது; 2006-க்குப் பிறகு அது ஆண்டுக்கு 3.7 மி.மீ. என்ற வேகத்தை எட்டியது. சமதரை மாவட்டத்தில், வடிகாலின் கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு வாட்டமே சில அடிகள்தான் என்னும்போது, அந்த ஒரு சாண் பெரிய ஒரு சாண். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. அதனால் பெய்யும் நாளில் அடித்துப் பெய்கிறது.

வெள்ளத்தைத் தாங்கும் ரகத்தைப் பற்றி: சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் நல்ல ரகம்தான். ஆனால் அதன் குணத்தைத் தெரிந்து போட வேண்டும். மூழ்கியதும் மற்ற நெல் போல மேலே எட்டிப் பார்க்கத் தண்டை நீட்டிச் சத்தைக் கரைத்துக்கொள்ளாமல், அது அடங்கிக் கிடந்து, நீர் வடிந்த பிறகு துளிர்க்கும். இரண்டு வாரம் வரை தாங்கும். பயிர் வளரும் பருவத்தில்தான் இந்தக் குணம் உதவும். பூக்கும் தருணத்தில் மூழ்கினால் எந்த ரகமும் உதவாது. அரை ஆள் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கினாலும், உப்புநீர் ஏறினாலும் பயனில்லை. உப்புக்கு நம் குழியடிச்சான் போன்ற நாட்டு ரகம்தான் துணை. சி.ஆர். 1009 சப்-1-க்கு வயது 155 நாளுக்குக் குறையாது என்பதால், ஐப்பசியில் நட்டால் அறுவடை பங்குனிக்குப் போய்விடும். நெல்லுக்குப் பிறகு விதைக்கும் தரிசு உளுந்துக்கு ஈரம் இருக்காது. உளுந்து போனால் ஆண்டின் இலாபத்தில் பாதி போயிற்று என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே ரகத்தையும் விதைப்பையும் பிரித்துப் பார்க்காதீர்கள். கோடை உழவு போட்டு, ஆவணி மழையில் புழுதியில் நேரடியாக விதைத்தால், வாய்க்கால் தண்ணீர் தாமதமானாலும் நவம்பரில் பயிருக்கு அறுபது எழுபது நாள் ஆகியிருக்கும். தலை வெளியே நிற்கும். களை அதிகம், அதை மறைக்கவில்லை. மூழ்கி வடிந்த வயலுக்கு ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவை 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்குடன் கலந்து ஓரிரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். நீர் நிற்கும்போதே யூரியாவை வீசுவது காசைக் கடலில் போடுவதுதான்.

பாகூர் வாசகி எழுதுகிறார்:

நான் புதுச்சேரிப் பக்கம், பாகூரில் இருக்கிறேன். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பெண்ணையாற்று நீர் எங்கள் ஏரிக்கு வருகிறது. வெள்ளத்தை ஏரிகளில் தேக்கிவிட்டால் போதும் என்று இங்கே பலரும் எழுதுவார்கள். 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து பெண்ணையாற்றில் நொடிக்கு 1,68,000 கனஅடி திறக்கப்பட்டது. அந்த வேகத்தில் வந்தால், நீங்கள் பேசும் வீராணம் முழுவதும் வெறுமையாக இருந்தாலும் இரண்டரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். எங்கள் ஆற்றோரக் கிராமங்களில் விடியும்போது திண்ணைக்கு மேல் தண்ணீர். அப்படிப்பட்ட வெள்ளத்துக்கு ஆற்றின் அகலமும், மேலிருந்து முன்கூட்டியே வரும் எச்சரிக்கையும்தான் வழி.

ஆனால் ஏரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு ஏறிவரும் கடற்கரைக்கு, மெதுவாகப் பெய்யும் மழையைப் பிடித்து நிலத்தில் இறக்க ஏரிதான் உண்டு. கடைமடைக்கார அண்ணன் ஊரிலும் குளம், குட்டைகள் இருக்குமே, அவற்றுக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்கள் திறந்திருக்கின்றனவா?

கடைமடைக்காரன் எழுதுகிறார்:

எல்லாருக்கும் நன்றி. அம்மா, எங்கள் ஊர்க் குளத்தின் வரத்துக் காலில் இப்போது ரேஷன் கடை நிற்கிறது. அதைப் பற்றிப் பேசினால் ஊரில் எனக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

லஸ்கர் ஐயா எழுதிய பிறகு, கொத்தனாரின் டியூப் லெவலை வாங்கிக்கொண்டு எங்கள் வடிகாலில் நடந்து பார்த்தேன். என் வயல் மூலையிலிருந்து பெரிய வடிகால் வரை நான்கு குழாய்கள். மூன்றாவது குழாயின் அடிமட்டம் என் வயல் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டியது, முக்கால் அடி மேலே இருக்கிறது. அது வைத்தவர் என் பங்காளிதான். நான்கு பேர் சேர்ந்து செலவைப் பகிர்ந்தால் அந்த இடத்தில் பெட்டி வடிவச் சிமென்டுப் பாலம் வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். ஒரு ஏக்கரில் சி.ஆர். 1009 சப்-1 புழுதி விதைப்பு, மீதிக்குப் பழைய முறை. ஐயா, பாலத்துக்கு எத்தனை அடி அகலம் விடச் சொல்வீர்கள்?

ஓய்வுபெற்ற லஸ்கர் எழுதுகிறார்:

உங்களுக்கு மேலே உள்ள வயல்களையும் சேர்த்து எத்தனை ஏக்கர் தண்ணீர் அந்த வழியாக வருகிறது என்று முதலில் எண்ணுங்கள். நூறு ஏக்கர் என்றால் அகலம் ஐந்து அடி, உயரம் நான்கு அடிக்குக் குறைக்காதீர்கள். அடித்தளத்தை வடிகாலின் இன்றைய தரையில் வைக்க வேண்டாம், அது சேறு. பழைய தரை வரும் வரை தோண்டிய பிறகு வையுங்கள். பங்காளியை மட்டம் பார்க்கும்போது பக்கத்தில் நிற்க வையுங்கள், பிறகு தகராறு வராது.