பீச் சாக்கர் உலகக் கோப்பை: ஜெயித்த அணிக்கு 3, 2, 1 என்று விதவிதமாகப் புள்ளி ஏன்?

கேள்வி (வலதுவிங்):
2025-ல் சீஷெல்ஸில் நடந்த பீச் சாக்கர் (மணலில் வெறுங்காலோடு ஆடும் கால்பந்து) உலகக் கோப்பையின் ரீப்ளேக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிரேசில் 4-3 என்று பெலாரஸை வென்ற இறுதிப்போட்டி வரை வந்துவிட்டேன். இரண்டு விஷயம் பிடிபடவில்லை. லீக் சுற்றில் ஜெயிக்கிற அணிக்கு ஏன் எப்போதும் 3 புள்ளி கிடைப்பதில்லை? ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீகிக்கைத் தடுக்க ஏன் யாரும் வரிசையாக நின்று சுவர் கட்டுவதில்லை?

மணல்திட்டு:
இந்த ஆட்டத்தில் டிராவே கிடையாது. 12 நிமிடம் வீதம் மூன்று பகுதி. விசில் அடித்தால் கடிகாரமும் நிற்கும். அதற்குள் ஜெயித்தால் 3 புள்ளி. சமநிலை என்றால் 3 நிமிடக் கூடுதல் நேரம். அதில் ஜெயித்தால் 2. பெனால்டியில் ஜெயித்தால் 1தான். தோற்றவருக்கு எப்படித் தோற்றாலும் பூஜ்யம். ஆக, பெனால்டியில் இரண்டு ஆட்டம் ஜெயித்த அணி, முழுநேரத்தில் ஒரே ஆட்டம் ஜெயித்த அணிக்குக் கீழே போய்விடும். வெற்றிகளை மட்டும் எண்ணிக்கொண்டு பட்டியலைப் பார்த்தால் குழப்பம்தான்.

ஒன்பதுமீட்டர்:
சுவர் விஷயம். எதிரணிப் பாதியில் ஃப்ரீகிக் கிடைத்தால் பந்துக்கும் கோலுக்கும் நடுவே கோல்கீப்பர் மட்டும்தான் நிற்கலாம். மற்றவர்கள் குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். உதைப்பவர் மணலைக் குவித்துச் சின்ன மேடு கட்டி, உச்சியில் பந்தை வைப்பதைக் கவனித்திருப்பீர்கள். மேடு குழைந்து பந்து அமுங்கினால் கால் மணலில் குத்தி, ஷாட் பிசுபிசுத்துவிடும். மைதானமே 35-37 மீட்டர் நீளம்தான், கோல் 5.5 x 2.2 மீட்டர். அதனால் நடுக்கோட்டருகே செய்கிற அசட்டு ஃபவுல்கூடக் கோலாகலாம்.

பெனால்டி பகுதிக்குக் கோடு தேடாதீர்கள், கிடையாது. பக்கவாட்டில் நடப்பட்ட மஞ்சள் கொடிகளுக்கு இடையே, கோல் கோட்டிலிருந்து 9 மீட்டரில், ஒரு கற்பனைக் கோடு. நடுக்கோட்டுக்குச் சிவப்புக் கொடி. மணலில் சுண்ணாம்பு நிற்காது என்பதால் எல்லையில் மட்டும் நீல நாடா.

மணல்திட்டு:
மணலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறைந்தது 40 செ.மீ. ஆழம், சிப்பியும் கல்லும் போகச் சலித்திருக்க வேண்டும். பருமணலானால் வெறுங்காலைச் சிராய்க்கும், மாவு மாதிரி இருந்தால் தூசி பறந்து உடம்பில் ஒட்டும். இடைவேளையில் தண்ணீர் பீய்ச்சுவது விளம்பரத்துக்கு இல்லை, சூடு தணிக்க. சமதளமே இல்லாததால் தரைப் பாஸ் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் பந்தைக் காலால் தூக்கிவிட்டே ஆடுகிறார்கள். அத்தனை பைசிக்கிள் கிக் (பின்னால் சாய்ந்து எகிறித் தலைக்கு மேல் உதைப்பது) வருவதும் அதனால்தான், சும்மா பகட்டு இல்லை.

வலதுவிங்:
நன்றி அண்ணா. சிவப்பு அட்டை வாங்கினால் கடைசி வரை ஓராள் குறைவா?

ஒன்பதுமீட்டர்:
இல்லை. 2 நிமிடம் கழித்து மாற்று வீரர் இறங்கலாம். அட்டை வாங்கியவர் திரும்ப முடியாது. ஆனால் கடிகாரம் நின்று நின்று ஓடுவதால், கீப்பரோடு நாலே பேராக அந்த 2 நிமிடத்தைத் தள்ளுவது லேசில்லை.